176 வசனமும் நானும்

119-ஆம் சங்கீதம் யாருக்காவது மனப்பாடமா? பைபிளிலேயே நீளமான அதிகாரம், 176 வசனங்கள். எபிரெய மொழிக்கு 22 எழுத்து. எழுத்துக்கு எட்டு வசனம். அந்த எட்டும் அதே எழுத்தில்தான் தொடங்கும். அவர்களுக்கு எவ்வளவு சுலபம்!

தமிழில் அந்த வரிசை தெரியாது. கட்டளை, பிரமாணம், சாட்சி, கற்பனை என்றே மாறி மாறி வரும். சண்டே ஸ்கூல் போட்டியில் நான் பாதியில் வேறு பகுதிக்குத் தாவி, திருதிருன்னு முழித்தேன்.

"வாய் சொல்லிச்சு, மனசு எங்கலே போச்சு?" என்றார் ஆச்சி.

பிறகு மெதுவாகப் படித்தேன். எழுதியவர் அழுகிறார், எதிரிகளைப் பற்றி முறையிடுகிறார், பாதி ராத்திரியில் எழுந்து துதிக்கிறார். ஒவ்வொன்றும் வேறு வேறு மனநிலை. அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

கடைசி வசனத்தில் நின்றுவிட்டேன். அவ்வளவு நேரம் வேதத்தைப் புகழ்ந்தவர், தான் வழிதவறிய ஆடு, தன்னைத் தேடி வரவேண்டும் என்று கேட்கிறார். அத்தனையும் தெரிந்தவரா இப்படிச் சொல்கிறார்!