பகலில் நடக்காது, இரவில் தூங்காது

எங்கள் சிகிச்சை அறைக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கி வருகிற ஆச்சிகளிடம் ஒரு பொதுக்குணம் உண்டு. தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எதிர்வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். "எதுத்த வீட்டுப் பய பத்து மாசத்துல தெருவுல ஓடுதான்மா. இவனுக்குப் பதினாலு முடிஞ்சிட்டு, இன்னும் ஒரு எட்டு வைக்கல." அதே மூச்சில் அடுத்த புகார்: "ராத்திரி ஒருத்தரையும் தூங்க விடமாட்டேங்கான். ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நிக்கான்." பிள்ளையின் அம்மா சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். திருநெல்வேலிப் பக்கம் என்னையும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். ஆச்சி சொல்கிற இரண்டு புகாரும் பெரும்பாலும் ஒரே புகார்தான் என்பது என் கட்சி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நிற்கிற பிள்ளை நடைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேரங்காலம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வயதுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. நம் நாட்டுப் பிள்ளைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் முந்திரிக்கொட்டைகள் 8 மாதம் சொச்சத்திலேயே தனியாக நடந்தன. நிதானப் பேர்வழிகளுக்குப் பதினேழரை மாதம்வரை ஆனது. சராசரி 12 மாதம். சராசரி என்றால் ஏறக்குறைய பாதிப்பேர் அதற்குப் பிறகுதான் நடப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைப் போட்டவர்கள்கூடத் தன் பிள்ளை என்று வரும்போது மறந்துவிடுகிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும், குழந்தையை நடந்து வரச்சொல்லி அழைக்கும் வருகைப் பருவத்தை ஒரு வயதை ஒட்டித்தான் வைத்தார்கள். மீனாட்சிக்கும் முருகனுக்கும் அது சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி நாள் குறிக்க முடியாது.

இன்னொன்று, அதே கணக்கில் நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்கச் சுற்றும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் நடப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே நாளாகும். இப்படி ஒரு பிள்ளை வந்தால் அப்பாவைப் பெற்ற ஆச்சியிடம் பேச்சுக் கொடுப்பேன். "இவன் அப்பனும் இப்படித்தான் தேச்சான்" என்று பதில் வருவது உண்டு. இது குடும்பவழியாக வருகிற குணம்.

இனி இரவுக்கு வருவோம். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் அனாத் ஷெர் என்பவரும் அவர் குழுவினரும், தவழப் போகிற குழந்தைகளின் தூக்கத்தை மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். தவழத் தொடங்கும் காலத்தை ஒட்டி இரவு விழிப்பு கூடியது. நிற்கப் பழகும் பருவத்திலும் இதே கதைதான் என்று எங்களிடம் வருகிற அம்மாக்கள் சொல்கிறார்கள். ஒரு தூக்கச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நாம் எல்லோருமே லேசாக விழிக்கிறோம். பெரியவர்கள் புரண்டு படுத்துவிடுகிறோம். புதிதாக நிற்கக் கற்ற பிள்ளை கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்துவிடுகிறது. எழத் தெரிகிறது, உட்காரத் தெரியவில்லை. முழங்கால் இரண்டும் விறைத்து, கால்விரல்கள் மெத்தையைக் கவ்வ, கம்பியை விடப் பயந்து நிற்கிற அந்தப் பிள்ளையின் அழுகைக்கு "என்னை யாராவது உட்கார வையுங்கள்" என்று அர்த்தம். நாம் அதைப் பசி என்று நினைத்துப் பால் புட்டியை நீட்டுகிறோம்.

இதற்கு வைத்தியம் பகலில் இருக்கிறது. பிள்ளை ஸ்டூலைப் பிடித்து நிற்கும்போது தரையில் ஒரு டம்ளரை வையுங்கள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, மறு கையால் முழங்காலுக்குப் பின்னால் மெல்லத் தட்டி மடக்கிவிடுங்கள். பிட்டம் தரையைத் தொட்டதும் டம்ளர் அவன் கைக்கு. திரும்ப எழட்டும், திரும்ப உட்காரட்டும். இறங்கப் பழகிய பிள்ளை ராத்திரியும் தானே இறங்கிப் படுத்துக்கொள்ளும்.

தொட்டிலும் ஒரு காரணம். தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, தான் தூங்கியபடியே ஆட்டுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை நடுவில் விழித்தால் ஆட்டத்தைத்தான் தேடும். கண் சொருகும்வரை ஆட்டிவிட்டு, முழுக்கத் தூங்குமுன் பாயில் கிடத்திப் பழக்குங்கள். எழுந்து உட்காரத் தெரிந்த பிள்ளைக்குச் சேலைத் தொட்டில் ஆபத்தும்கூட. 1 முதல் 2 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதற்காகச் சளி மருந்தை ஊற்றித் தூங்க வைக்காதீர்கள். இப்படிச் செய்கிற வீடுகள் நிஜமாகவே உண்டு. தாயத்து கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கயிறு கழுத்தில் வேண்டாம்.

நடை தாமதம் என்று காதில் விழுந்ததும் எந்த மாமாவாவது வாக்கர் வாங்கி வந்துவிடுவார். எனக்குப் பிடிக்காத பொருள் அது. உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. பிள்ளை நுனிவிரலால் உந்தித் தள்ளுகிறது. முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே போகிறது என்றுகூட அதற்குத் தெரியாது. 2002-ல் அயர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு, வாக்கரில் கழித்த நேரம் மொத்தமாகச் சேர்ந்து 24 மணி ஆகும்போதெல்லாம் தனியே நடப்பது 3.3 நாள் தள்ளிப்போனதாகக் கண்டது. படிக்கட்டில் உருள்வதும் அடுப்படியில் சுட்டுக்கொள்வதும் தனிக்கதை. கனடா 2004-ல் வாக்கர் விற்பனைக்கே தடை போட்டுவிட்டது.

திருவிழாக் கடையில் விற்கிற மூன்று சக்கர மர நடைவண்டி அப்படி இல்லை. அதில் பிள்ளை வண்டிக்குப் பின்னால் சொந்தக் காலில் நிற்கிறது, பாதம் முழுக்கத் தரையில் பதிகிறது. பிடித்து நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டையும் விட நல்லது வெறும் தரை, வெறுங்கால். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் நடை பழகும் குழந்தைகளை எண்ணிப் பார்த்தார்கள்: மணிக்குச் சராசரியாக 2,368 எட்டு, 17 தரம் விழுதல். நம் வீட்டில் ஒரு தரம் விழுந்ததும் வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறோம். அப்புறம் அந்த மிச்சம் 16 எப்போது விழும்? அத்தை இடுப்பிலிருந்து சித்தி இடுப்புக்கும், சித்தி இடுப்பிலிருந்து தாத்தா தோளுக்கும் மாறிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நடையும் வரவில்லை, தூக்கமும் இல்லை என்று ஒரு பிள்ளை வந்தால், காலைத் தொடுவதற்கு முன்னால் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன். பல பிள்ளைகளுக்கு அது வெளுத்திருக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகும், நிற்க மனமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், ராத்திரி கைகால் உதறிப் புரளும். விசாரித்தால், "சாப்பாடுதான் இறங்காது, பால் நல்லாக் குடிப்பான்" என்பார்கள். சிக்கலே அங்கேதான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவில் இருப்பதை உடம்பு உறிஞ்சுவதையும் அது தடுக்கிறது. வயிற்றை நிரப்பிவிடுவதால் பருப்புச் சோறும் முட்டையும் கீரையும் உள்ளே போக இடமில்லை. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். சர்க்கரை போட்ட ராத்திரிப் புட்டி பல்லையும் சொத்தையாக்கும்.

கிராம சுகாதார செவிலியர் இரும்புச்சத்து சிரப்பை இலவசமாகவே கொடுக்கிறார். வாரம் இரண்டு நாள், தரத்துக்கு 1 மில்லி. மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து அதைப் பரணில் ஏற்றிவைத்துவிடுகிறார்கள். கருப்பாகப் போவது இயல்புதான். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இந்த அளவு போதாது, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மணிக்கட்டு தடித்து, கால் வளைந்திருந்தால் வைட்டமின் டி குறைவா என்றும் அவர் பார்ப்பார்.

இவ்வளவு நேரம் பயப்படாதீர்கள் என்றேன். எங்கே பயப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். 10 மாதமாகியும் தானாக உட்காரவில்லை, தூக்கி நிறுத்தினால் கால் கத்தரிபோல் பின்னிக்கொள்கிறது, அல்லது உடம்பு துவண்டு விழுகிறது, எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுகிறது, தெரிந்திருந்த ஒன்றை மறந்துவிட்டது - இதில் எது இருந்தாலும் பதினெட்டு மாதம்வரை காத்திருக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அத்தனை மாதத்தை வயதில் கழித்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டால், தசை நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதற்குச் சம்மதியுங்கள்.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சி தாமதப்படும் பிள்ளைகளுக்காக மாவட்ட அளவில் டி.ஈ.ஐ.சி. எனப்படும் மையங்கள் நடக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று தெரியாவிட்டால் அங்கன்வாடியில் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் போடுங்கள். "இவன் மாமனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்" என்று நாளைக் கடத்த வேண்டாம். பதினெட்டு மாதம் முடிந்தும் தனியே நடக்காத பிள்ளையை அந்த மாதமே இந்த மையத்துக்குக் கூட்டிப் போங்கள். பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அங்கே கட்டணம் கிடையாது.