பான்ஸ்கோ: ஒரு மலையூரும் திருமறையும்

பல்கேரியத் திருமறையின் வரலாற்றைக் கூறுவோர் 1840-ஆம் ஆண்டில் ஸ்மிர்னா நகரில் அச்சேறிய புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நாமோ அதை மொழிபெயர்த்தவர் பிறந்த சிற்றூரிலிருந்து தொடங்க விரும்புகிறோம். அவ்வூரை அறியாமல் அந்நூலின் பொருளை முற்றும் உணர இயலாது என்பது நம் கருத்து.

பல்கேரியாவின் தென்மேற்கில், பிரின் மலைத்தொடரின் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தில் பான்ஸ்கோ அமைந்துள்ளது. 2,914 மீட்டர் உயரமுள்ள விஹ்ரென் சிகரம் ஊரின்மேல் கவிந்து நிற்கிறது. பயிர்த்தொழில் மட்டும் இவ்வூரை வாழ்விக்கவில்லை, வணிகமே வாழ்வித்தது. ஏஜியன் கடற்கரைச் சமவெளியின் பருத்தியைப் பொதிக்குதிரைகளில் ஏற்றி வியன்னாவரை கொண்டு சென்ற வணிகர் பலர் இவ்வூரினர். ஒட்டோமானியர் ஆட்சியில் செல்வமுடையார்க்கு அச்சமும் உடன் இருந்தது. ஆதலால் கோட்டை போன்ற தடித்த கற்சுவர்களும், உயர்ந்த மதில்களும், மறைவிடங்களும் உடைய வீடுகளை எழுப்பினர். அவற்றுள் சில இன்றும் காணக் கிடைக்கின்றன.

சரக்குடன் கல்வியும் கலையும் திரும்பி வந்தன. வியன்னாவில் பயின்றவரெனக் கூறப்படும் தோமா விஷானோவ் என்னும் ஓவியரோடு இவ்வூரின் திருவுருவ ஓவிய மரபு தோன்றிற்று. தூய திரித்துவ ஆலயம் 1835-இல் நிறைவுற்றது. அதன் மணிக்கோபுரம் 1850-இல் எழுந்தது. 1762-இல் பல்கேரிய மக்களின் வரலாற்றை எழுதிய துறவி பைசியும் தம் ஊரவரே என்று பான்ஸ்கோ மக்கள் உரிமை கொண்டாடுவர். வேறு ஊர்களும் அவ்வாறே கூறுவதால் அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை.

நியோபிட் ரில்ஸ்கியைக் குறித்தோ அத்தகைய ஐயமில்லை. 1793-இல் இங்குப் பிறந்து, ரிலா மடத்தில் துறவியானார். 1835-இல் காப்ரோவோவில் தொடங்கிய புதுமுறைப் பள்ளியின் ஆசிரியராகி, அவ்வாண்டே பல்கேரிய இலக்கணமொன்றையும் வெளியிட்டார். அக்காலத்தில் பல்கேரியத் திருச்சபை கிரேக்கப் பேராயர்களின் கீழ் இருந்தது. வழிபாட்டில் கிரேக்கமோ பழைய ஸ்லாவிய மொழியோ ஒலித்தது. உழவனுக்கும் குதிரைப் பொதியாளனுக்கும் இரண்டும் எட்டாதவை. அவர்கள் பேசிய மொழியில் முழுப் புதிய ஏற்பாட்டையும் முதன்முதலாகத் தந்தவர் நியோபிட். பிரித்தானிய அயல்நாட்டு வேதாகமச் சங்கம் அதை அச்சிட்டது. கான்ஸ்டான்டிநோபிளின் திருச்சபைத் தலைமை அதை எதிர்த்தும், பலமுறை மறுபதிப்பு வேண்டப்பட்டது. அவரோ ஆர்த்தடாக்ஸ் துறவியாகவே வாழ்ந்து 1881-இல் மறைந்தார். சீர்திருத்தச் சபையினர் தம் கையிலெடுத்த முதல் மறைநூல் ஒரு மடத்துத் துறவியின் உழைப்பு என்பதை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

முழு வேதாகமம் 1871-இல் வெளிவந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே பான்ஸ்கோவில் சிறிய சீர்திருத்தச் சபையொன்று உருவாயிற்று. அந்நாட்டின் மிகப் பழைய சீர்திருத்தச் சபைகளுள் அது ஒன்று.

1878-இல் பல்கேரியா தன்னாட்சி பெற்றபோது பான்ஸ்கோ எல்லைக்கு வெளியே ஒட்டோமானியர் கையில் விடப்பட்டது. 1912 வரை அந்நிலை நீடித்தது. ஊர்மக்களுள் பலர் மாசிடோனியப் புரட்சி இயக்கத்தில் சேர்ந்தனர். 1901 செப்டம்பரில் அமெரிக்க மறைப்பணியாளர் எலன் ஸ்டோன் அம்மையார் பான்ஸ்கோவிலிருந்து புறப்பட்ட வழியில், யானே சண்டான்ஸ்கியின் குழுவினரால் கடத்தப்பட்டார். அவருடன் கொண்டுசெல்லப்பட்ட கத்தெரீனா ட்சில்கா அம்மையார் இவ்வூரில் பிறந்தவர், போதகரின் மனைவி, அப்போது கருவுற்றிருந்தார். மலைகளில் மறைந்து அலைந்த நாட்களில் அவருக்குப் பெண் மகவு பிறந்தது. அமெரிக்க மக்கள் திரட்டிய நன்கொடையிலிருந்து 14,000 துருக்கிப் பொற்காசுகள் மீட்புத்தொகையாகப் பான்ஸ்கோவில் இரகசியமாகக் கைமாறின. காவலுக்கு வந்த துருக்கிப் படைவீரர் அறியாதபடி பொன்னிருந்த பெட்டிகளில் அதே எடையுள்ள ஈயம் வைக்கப்பட்டதாம்! 1902 பெப்ரவரியில் இருவரும் குழந்தையும் விடுதலை பெற்றனர். அப்பொன் ஆயுதங்களாயிற்று. அன்பின் காணிக்கை துப்பாக்கியாக மாறியதைக் குறித்து நன்கொடையாளர் என்ன எண்ணியிருப்பர்? எனினும், உயிரைக் காக்க வேறு வழியிருந்ததா என்று வினவுவாரை நாம் குறைகூற இயலாது.

இவ்விரு நீரோட்டங்களும் ஒரே வீட்டில் கலந்ததையும் காண்கிறோம். கவிஞர் நிக்கொலா வப்ட்சாரோவ் 1909-இல் இவ்வூரில் பிறந்தார். தந்தை புரட்சி இயக்கத்தவர். தாய் எலேனா, சமோகோவ் நகரின் அமெரிக்க மறைப்பணிப் பள்ளியில் பயின்றவர். மகன் பொதுவுடைமையாளரானார், 1942 ஜூலை 23 அன்று சோபியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று பனிச்சறுக்கு நாடி வருவோரால் நிறையும் பான்ஸ்கோவில், அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. நியோபிட்டின் இல்லமும் அவ்வாறே.