மூப்படைந்த விடியோ விளையாட்டுக்கள்

பல்லாங்குழிப் பலகை மூப்படைவதில்லை. பாட்டி ஆடிய அதே குழிகளில் பேத்தியும் சோழிகளை இட்டு ஆடலாம். விதியும் மாறவில்லை, விரலும் மாறவில்லை. சதுரங்கமும் அவ்வாறே. ஆனால் திரையில் ஆடப்படும் விடியோ விளையாட்டுக்களின் கதி வேறு. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் உலகம் வியந்து கொண்டாடிய சில விளையாட்டுக்களை இன்று ஓர் இளைஞரிடம் கொடுத்தால், கால் மணி நேரத்தில் சலித்துக் கீழே வைத்துவிடுகிறார். ஆசையோடு எடுத்துக் கொடுத்த தகப்பனாருக்கு மனம் வருந்துகிறது. இதையா நாம் இராப் பகலாக ஆடினோம் என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார். அவருடைய ரசனை அன்று தவறாக இருந்ததா, அல்லது மகனுக்குப் பொறுமை போதவில்லையா? இரண்டும் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சித்திரத்தின் குறை. பழைய விளையாட்டில் மனிதர்கள் மரக்கட்டைகளைப் போல் இருக்கிறார்கள், மரங்கள் அட்டைகளைப் போல் இருக்கின்றன, ஆகையால் இன்றைய கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். இது போதிய காரணம் ஆகாது. 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் டெட்ரிஸ் விளையாட்டை அமைத்தபோது, அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிக்கா 60 என்னும் யந்திரத்துக்குச் சித்திரம் வரையவே தெரியாது. எழுத்துக்களை மட்டுமே காட்டும். ஆகவே விழும் துண்டுகளை அவர் அடைப்புக்குறிகளைக் கொண்டு ஆக்கினார். அதைவிட எளிய சித்திரம் உண்டா? ஆயினும் டெட்ரிஸ் இன்றும் இளமையோடு இருக்கிறது. 1980-இல் ஜப்பானில் வெளிவந்த பாக்-மானும் அப்படியே. அதில் துரத்தி வரும் நான்கு பேய்களுக்கும் நான்கு சுபாவங்கள்: சிவப்புப் பேய் நேரே பின்தொடரும், இளஞ்சிவப்புப் பேயோ நாம் போகும் திசையில் சில கட்டங்கள் முன்னதாகச் சென்று மறிக்கப் பார்க்கும். இந்தச் சூழ்ச்சியை இன்றைய சிறுவனும் சில நிமிஷங்களில் உணர்ந்துகொள்கிறான். முகம் கிழடானாலும் ஆட்டம் கிழடாகவில்லை.

பெரிதும் மூப்படைந்தவை இவற்றைவிட இளையவை என்பதுதான் விந்தை. 1990-களின் நடுப்பகுதியில் தோன்றியவற்றையே குறிப்பிடுகிறோம். அதுவரை திரை ஒரு சுவரைப் போன்றது. இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு திசைகள். கையிலுள்ள கருவியிலும் நான்கு திசைப் பொத்தான்கள். வலப்புறம் அழுத்தினால் வலப்புறம் போவான். கற்பதற்கு வேறொன்றும் இல்லை. இந்தச் சமயத்தில் திரைக்கு ஆழம் என்னும் மூன்றாவது பரிமாணம் வந்து சேர்ந்தது. முன்னே செல் என்று கட்டளை இட்டால், எது முன்? திரையில் நிற்பவனுக்கு முன்னா, ஆடுபவருக்கு முன்னா, காட்சியைக் காட்டும் காமிராவுக்கு முன்னா? இக்கேள்விக்கு அன்று ஒருவரிடமும் முடிந்த முடிவாக ஒரு விடை இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய விடையைச் செய்து பார்த்தது.

ஜப்பானில் காப்காம் கம்பெனி 1996-இல் வெளியிட்ட ரெசிடெண்ட் ஈவில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பாழடைந்த மாளிகையொன்றில் நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பும் கதை. மாளிகையின் அறைகள் முன்னரே தீட்டி வைக்கப்பட்ட படங்கள். அவற்றின் மேல் உருவங்கள் மட்டும் நடமாடும். ஆகவே காமிரா ஒவ்வோர் அறையிலும் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். ஆள் நாலடி நடந்தால் காட்சி சட்டென்று மற்றொரு மூலைக்குத் தாவும். இந்நிலையில், வலப் பொத்தானை அழுத்தினால் திரையின் வலப்புறம் செல்வான் என்று வைத்தால், காமிரா தாவும் ஒவ்வொரு முறையும் வலம் இடமாகிவிடும். ஓடுகிறவன் வந்த வழியே திரும்பிப் பிணத்தின் கையில் விழுவான். இதைத் தவிர்க்கவே, மேற்பொத்தான் என்றால் அந்த ஆளின் மூக்கு நோக்கும் திசை, இட வலப் பொத்தான்கள் என்றால் நின்ற இடத்தில் திரும்புதல் என்று விதித்தார்கள். பீரங்கி வண்டி திரும்புவது போலத் திரும்புவதால் இம்முறைக்கு டாங்கி முறை என்று பெயர் வந்தது. அன்றைய நிலைமையில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. இன்று ஆடுபவருக்கோ, பழக்கமில்லாத மாட்டைப் பூட்டி வண்டி ஓட்டுவது போல் இருக்கிறது.

அதே 1996-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்த கோர் டிசைன் கம்பெனி தயாரித்த டூம் ரைடர் இன்னும் தெளிவான உதாரணம். லாரா கிராஃப்ட் என்னும் வீரப்பெண் புதையலைத் தேடிக் குகைகளில் ஏறியும் தாண்டியும் செல்கிறாள். அந்த உலகம் முழுவதும் ஒரே அளவான சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் விளிம்பு வரை நடந்து நிற்க வேண்டும். பின்னோக்கி ஒரு குதி குதிக்க வேண்டும். பிறகு ஓடத் தொடங்கித் தாவும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், அவள் சரியாக விளிம்பில் எழும்பி அப்புறம் போய் விழுவாள். அவசரப்பட்டால் மரணம். கணக்குப் போட்டு ஆட வேண்டிய ஆட்டம் அது. ஆனால் திரையில் காண்பதோ ஓட்டமும் பாய்ச்சலும். கண் ஒன்றை வாக்களிக்க, கை வேறொன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது.

2024-ஆம் ஆண்டில் இந்த வரிசையின் முதல் மூன்று விளையாட்டுக்களையும் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய சித்திரம் மறைந்து புதிய சித்திரம் வரும். மறுபடி அழுத்தினால் பழையது திரும்பும். நடையையும் பழைய முறையிலோ இன்றைய முறையிலோ வைத்துக்கொள்ளலாம். சித்திர மாற்றம் எந்தத் தொல்லையும் தரவில்லை. நடை மாற்றந்தான் தகராறு செய்தது. சதுரக் கட்டத்தை அளவாகக் கொண்டு கட்டிய குகையில் இன்றைய தாராளமான நடையோடு புகுந்தால், பாய்ச்சலின் அளவு கைக்குப் பிடிபடுவதில்லை. அதைக் குறையாகச் சொன்னவர்கள் பலர். முகத்தைப் புதுப்பிப்பது சுவருக்கு வெள்ளையடிப்பது போல; நடையை மாற்றுவது அஸ்திவாரத்தைப் பெயர்ப்பது போல. விளையாட்டின் மூப்பு அதன் முகத்தில் இல்லை, அதை ஆட்டுவிக்கும் கையின் வழக்கத்தில் இருக்கிறது என்று நாம் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1996-ஆம் ஆண்டிலேயே நிண்டெண்டோ கம்பெனியின் சூப்பர் மாரியோ 64 வெளிவந்தது. அதன் கருவியில் கட்டை விரலால் எத்திசையிலும் சாய்க்கக்கூடிய சிறு ஜாய்ஸ்டிக் இருந்தது. கொஞ்சம் சாய்த்தால் மாரியோ பதுங்கி நடப்பான், முழுவதும் சாய்த்தால் ஓடுவான். காமிராவையே மேகத்தின் மேல் பறந்து வரும் ஒரு கதாபாத்திரமாக்கி, அதையும் ஆடுபவர் நகர்த்தலாம் என்று வைத்தார்கள். அந்தக் காமிரா இன்று சுவர்களில் முட்டிக்கொண்டு எரிச்சலூட்டுவது உண்மையே. எனினும் மாரியோவை ஓடவிட்டால் இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது. சில மாதங்கள் கழித்து வந்த பப்ஸி 3டி என்னும் விளையாட்டோ, துள்ளி ஓட வேண்டிய காட்டுப் பூனையை டாங்கி முறையில் திருப்பச் செய்து நகைப்புக்கு இடமாயிற்று. அதை உருவாக்கிய குழுவினரே 1999-இல் ஸைஃபன் ஃபில்டர் என்ற நல்ல விளையாட்டைத் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துப்பாக்கி விளையாட்டுக்களில் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1997-இல் வந்த கோல்டன்ஐ 007 பலருடைய இளமை நினைவில் பொன்னெழுத்தில் நிற்பது. நான்கு நண்பர்கள் ஒரே டெலிவிஷன் முன் உட்கார்ந்து ஆடியது. ஆனால் அக்கருவியில் கோல் ஒன்றுதான். நடப்பதும் திரும்புவதும் அதனால். பக்கவாட்டில் ஒதுங்கவும் அண்ணாந்து பார்க்கவும் தனிப் பொத்தான்கள். நுட்பமாகக் குறி வைக்க வேண்டுமானால் நடை நின்றுவிடும். இரண்டு கோல்களில் இடக்கோலால் நடப்பது, வலக்கோலால் பார்ப்பது என்ற இன்றைய வழக்கத்தில் ஊறியவர் இதைக் கையில் எடுத்தால், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டது போல் தவிக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஏலியன் ரிஸரெக்ஷன் என்னும் விளையாட்டு இந்த இரு கோல் முறையைக் கையாண்டபோது, ஒரு விமர்சகர் அந்த முறையையே பெருங்குறையாகக் கண்டு எழுதினார். மறு ஆண்டே ஹேலோ வந்தது; இரு கோல் முறை உலக வழக்காயிற்று. அவர் அறியாமையால் எழுதியதாக நாம் நினைக்கவில்லை. அன்றைய கைக்கு அது உண்மையிலேயே தொல்லையாகத்தான் இருந்திருக்கும்.

மூப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: ஆடுபவரின் நேரத்தை விளையாட்டு எப்படி மதித்தது என்பது. கலிபோர்னியாவின் ஸியரா கம்பெனி 1990-இல் வெளியிட்ட கிங்ஸ் க்வெஸ்ட் ஐந்தாம் பாகத்தில், கதாநாயகன் ஒரு கடையில் பை என்னும் இனிப்புப் பண்டத்தை வாங்குகிறான். பிறகு பனிமலையில் பசி எடுக்கிறது. பையைத் தின்றால் பசி தீரும். ஆனால் அப்பால் வழி மறிக்கும் பனி மனிதனின் முகத்தில் எறிய வேண்டிய பொருள் அந்தப் பைதான்! தின்றவன் அங்கேயே மாண்டான். பல மணி நேரத்துக்கு முன் பதித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. தவறு இன்னதென்று விளையாட்டு சொல்லாது. விளையாட்டுக்கள் அருமையாக இருந்த காலத்தில் ஒன்றை வாங்கினால் மாதக்கணக்கில் ஆட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். குறிப்புப் புத்தகங்களும் தனியே விற்பனையாயின. ஆகவே அன்று இது பொறுத்துக்கொள்ளப்பட்டது. எல்லோரும் பொறுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். ரான் கில்பர்ட் என்பவர் 1989-லேயே இத்தகைய முட்டுச் சந்துகளைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். 1990-இல் அவர் அமைத்த மங்கி ஐலண்ட் விளையாட்டில் ஆடுபவர் தவறு செய்யலாம், ஆனால் சிக்கிக்கொள்ள மாட்டார். அது இன்றும் நகைச்சுவை குன்றாமல் ஆடப்படுகிறது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் ஒன்று கிழடாயிற்று, மற்றொன்று ஆகவில்லை.

சினிமாவைப் போல் நடிகர்களைக் கொண்டு படம் பிடித்த விளையாட்டுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992-இல் வந்த நைட் டிராப் அவற்றுள் பேர் பெற்றது. அதன் காட்சிகளைக் குறித்து 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில் விசாரணை நடந்தது. இன்று பார்த்தால் அஞ்சத்தக்கதாக அதில் ஒன்றும் இல்லை. கதையைக் கவனித்தால் பொறி வைக்க முடியாது, பொறியைக் கவனித்தால் கதை புரியாது. இதுதான் அதன் உண்மையான குற்றம்.

மோசமான விளையாட்டு என்றதும் பலர் நினைவுகூர்வது 1982-இல் அடாரி கம்பெனி வெளியிட்ட ஈ.டி. விளையாட்டை. ஐந்து வார அவகாசத்தில் அவசரமாகச் செய்யப்பட்டு, விற்காத பிரதிகள் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக் குப்பை மேட்டில் புதைக்கப்பட்டு, 2014-இல் தோண்டி எடுக்கப்பட்டது அது. ஆனால் அதை இந்தப் பேச்சில் நாம் சேர்க்கவில்லை. பிறந்த நாளிலேயே நோயுற்றிருந்த ஒன்றை மூப்படைந்தது என்பது பொருந்தாது.

இதற்கு நேர்மாறாக, தான் சிறிதும் மாறாமல் இருந்தும் பழியை ஏற்ற விளையாட்டுக்களும் உண்டு. பழைய டெலிவிஷன் பெட்டியில் கண்ணாடிக் குழாயின் உட்புறத்தை எலெக்ட்ரான் கதிர் வரி வரியாகத் தடவிப் படம் காட்டியது. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தோன்றின. சித்திரக்காரர்கள் இதை அறிந்தே வரைந்தார்கள். 1991-இல் வந்த ஸானிக் விளையாட்டில் அருவி என்பது நெருக்கமான செங்குத்துக் கோடுகளே. அக்காலத்துக் கம்பி வழியே பெட்டிக்குச் சென்றபோது கோடுகள் கலந்து, நீரின் ஊடே பாறை தெரிவது போல் தோன்றிற்று. இன்றைய தட்டைத் திரையில் கோடுகள் கோடுகளாகவே தெரிகின்றன. அருவி போய்ச் சீப்பு வந்துவிட்டது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவிலுள்ள விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 கடைகளில் வாங்கக் கிடைக்கவில்லை. புகழ் பெற்றவை புதுப்பிக்கப்படுகின்றன. ரெசிடெண்ட் ஈவில் 2002-இல் புதிதாக எழுந்தது. அதன் இரண்டாம் பாகம் 2019-இல் முற்றிலும் வேறு நடையோடு வந்தது. நல்லதுதான். ஆனால் புதியதை ஆடியவர் பழையதை ஆடியவர் ஆகமாட்டார். பழையதைத் தேடி எடுத்து, அதன் கைவழக்கத்தை ஒரு மணி நேரமாவது பொறுத்துக் கற்றுக்கொள்ளும்படி, மேற்சொன்ன தகப்பனார் தம் மகனிடம் கேட்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரு விளையாட்டில் மட்டும் அந்த உபதேசம் பயன்படாது. 1984-இல் பிறந்த டக் ஹண்ட் என்னும் வாத்து வேட்டையை நம் நாட்டில் அறிந்தவர் பலர். நிண்டெண்டோ யந்திரத்தைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள் 1990-களில் இங்கே ஏராளமாக விற்றன. அந்தத் துப்பாக்கியிலிருந்து குண்டும் வராது, ஒளியும் வராது. அதன் குழலில் இருப்பது ஒளியை உணரும் ஒரு கண். குதிரையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி மறையும். அந்தக் கணத்தில் துப்பாக்கிக்கு வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு. குழாய்த் திரை இதை உடனே காட்டியது. தட்டைத் திரையோ வந்த படத்தைச் சீர்செய்து காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. வெள்ளைச் சதுரம் வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டிப் புதிய டெலிவிஷனில் மாட்டுகிறவர் எவ்வளவு நெருங்கிக் குறி பார்த்துச் சுட்டாலும் வாத்து பறந்துவிடுகிறது. புல்லுக்குப் பின்னாலிருந்து நாய் எழுந்து சிரிக்கிறது.