சூட்டில் இறங்கும் பேரிங்

பழைய ஆர்எக்ஸ்100 தெருமுனையில் திரும்பும்போதே, வண்டியைப் பார்க்காமல் "கிராங்க் பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அரைபடுகிற மாதிரி ஒரு உறுமல் கூடிக்கொண்டே போகும். ஃபுட்ரெஸ்ட்டில் நடுக்கம் தெரியும். சந்தேகம் இருந்தால் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் கேஸில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். பிஸ்டன் தட்டுகிற ஓசை மேலே சிலிண்டரில் பலமாகக் கேட்கும். பேரிங் அரைகிற ஓசை கீழே கேஸில். என்ஜினை நிறுத்திவிட்டு மேக்னட் வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் அப்புறம் பேச்சே இல்லை. என்ஜினை இறக்க வேண்டியதுதான்.

1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்ற அந்த வண்டியின் என்ஜின் 98 சிசி. சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ. முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில், அதாவது விநாடிக்கு 125 சுற்று. டூ-ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. பிஸ்டன் தலையின் பரப்பு 19.6 சதுர செ.மீ.; எரிந்த வாயுவின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 30 கிலோ என்று வைத்துக்கொண்டாலே ஒவ்வொரு அடியும் கிட்டத்தட்ட 590 கிலோ. அது கனெக்டிங் ராடு வழியாக கிராங்குக்கு வந்து, கடைசியில் இருபுறமும் உள்ள மெயின் பேரிங்குகளின் தலையில்தான் இறங்குகிறது.

பேரிங் எஃகில் சுமார் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். நல்ல கடினம். ஆனாலும் குண்டும் வளையமும் தொடுகிற இடம் மிகச் சிறியது. அந்த இடம் கோடிக்கணக்கான தடவை அழுந்தி மீளும்போது, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்விரிசல் பிறந்து மேலே வந்து, செதில் செதிலாகப் பெயர்கிறது. சுமையை இரட்டிப்பாக்கினால் குண்டு பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று கணக்கிட வழிசெய்தவர்கள் சுவீடனின் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும், ஆண்டு 1947. டூ-ஸ்ட்ரோக்கில் பல பேரிங்குகள் அந்த வயதை எட்டுவதே இல்லை. பெட்ரோலோடு சேர்ந்து கேஸுக்குள் வருகிற டூ-டி ஆயில்தான் அவற்றுக்கு உயவு. ஆயில் குறைந்தாலோ, வடிகட்டி இல்லாமல் தூசி புகுந்தாலோ, வண்டி மாதக்கணக்கில் மூலையில் நின்று உள்ளே ஈரம் கோத்தாலோ, குண்டு ஓடும் பளபளப்பான பாதையில் கீறலோ துருப்புள்ளியோ விழுகிறது. அப்புறம் ஒவ்வொரு குண்டும் அதன்மேல் ஏறி இறங்கியே ஓட வேண்டும்.

மாற்றுவது எப்படி? கேஸைப் பிளந்து, பழையதைத் தட்டி வெளியே எடுத்து, புதியதைத் தட்டி உள்ளே இறக்குவதுதான் பல பட்டறைகளில் வழக்கம். கெடுவதும் அங்கேதான். பேரிங்கின் உள்வளையத்தில் அடித்து வெளிவளையத்தைக் கேஸுக்குள் இறக்கினால், அடி முழுவதும் குண்டுகள் வழியாகவே போகிறது. பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். புது பேரிங் முதல் நாளே இரைவதற்கு இதுவும் ஒரு காரணம். பழி மட்டும் பேரிங் விற்ற கடைக்காரருக்கு.

அடிக்காமல் எப்படி இறக்குவது? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சூடேற்றி மாட்டிய கொல்லர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஒரே சூட்டுக்கு அலுமினியம், எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. 52 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழியை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால், விட்டம் 0.08 மி.மீ. கூடும். அதே விட்டமுள்ள பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவிட்டால் 0.03 மி.மீ. சுருங்கும். மொத்தம் 0.11 மி.மீ. வித்தியாசம். பேரிங் தன் எடையிலேயே 'டொக்' என்று போய் உட்கார்ந்துவிடும். நேராகப் பிடிக்க வேண்டும், ஓரிரு விநாடிக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பழையதைக் கழற்றவும் இதே வழி: சூடான கேஸைக் கவிழ்த்து மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். கேஸ் போதுமான அளவு சூடாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பட்டதும் சுரீரென்று கொதிக்க வேண்டும். எரிவாயு டார்ச்சை ஒரே இடத்தில் காட்டினால் என்ஜின் கேஸ் கோணிக்கொள்ளும், அடுப்பில் சமமாகச் சூடேற்றுவதே நல்லது. பேரிங்கையே சூடேற்ற நேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. எஃகின் அளவும் கடினமும் மாறிவிடும்.

இதே விரிவு, என்ஜின் ஓடும்போது நமக்கு எதிராகத் திரும்புகிறது. கேஸும் பேரிங்கும் சேர்ந்து சூடாகையில் குழி அதிகம் விரிய, பிடி தளர்ந்து வெளிவளையம் சுழலப் பார்க்கும். அதனால் குளிர்ந்த நிலையில் பிடி இறுக்கமாகவே வைக்கப்படுகிறது. இறுக்கம் வெளிவளையத்தை அமுக்குகிறது. கிராங்க் உள்வளையத்தை விரிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குண்டுகளுக்கான இடம் குறைகிறது. பேரிங் வளையத்தில் எண்ணுக்குப் பின்னால் 'சி3' என்று பொறித்திருப்பது இதற்காகத்தான். 6205 என்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மி.மீ. அந்த அளவுள்ள சாதாரண பேரிங்கில் குண்டுகளுக்கான உள் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான். சி3 என்றால் 13 முதல் 28. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. கடையில் "அதே நம்பர்தான் சார்" என்று சி3 இல்லாததை நீட்டினால் வாங்கக் கூடாது. மோட்டாருக்குச் சரியாக இருக்கும் அந்த பேரிங் கிராங்கில் சூடேறி இறுகிக்கொள்ளும்.

கிராங்கையும் சுத்தியலால் தொடக் கூடாது. சிறிய டூ-ஸ்ட்ரோக் கிராங்க் ஒரே இரும்பு அல்ல. இரண்டு தட்டுகளை ஒரு பின் இறுக்கிப் பிடித்திருக்கிறது. முனையில் ஓங்கி அடித்தால் தட்டுகள் விலகி, தண்டு நேர்க்கோட்டிலிருந்து பிசகும். புல்லர் வைத்து இழுத்து மாட்டிய பிறகு, கையால் சுற்றும்போது எங்கும் பிடிக்காமல் வழுக்கி ஓட வேண்டும்.

ஆயில் சீலையும் கூடவே மாற்ற வேண்டும். இவ்வளவு பிரித்தபின் சீலில் மிச்சம் பிடிப்பது வெறும் கஞ்சத்தனம். டூ-ஸ்ட்ரோக்கில் கேஸே ஒரு பம்பு. சீல் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து, பெட்ரோலும் ஆயிலும் குறைந்த கலவை எரிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர், சைலன்ஸர் துவாரங்களை அடைத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். குமிழி சீல் ஓரத்தில் வந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். கேஸ் இணைப்பில் வந்தால், மாட்டிய போல்ட்டையெல்லாம் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.