மூலிகை மருந்தில் யாருக்கு எவ்வளவு பங்கு?

புது தில்லி: ஒரு மூலிகையின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்களுக்கு, அதிலிருந்து மருந்து தயாரித்து விற்கும் நிறுவனம் என்ன பங்கு தர வேண்டும்? இக்கேள்விக்கு விடை சொல்லவே 2002-இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் பின் 2023-இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. 2024 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்துள்ளது.

இத்திருத்தத்தின் விளைவை முதலில் உணரப் போகிறவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லையோர மக்கள். தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ளது. அவ்வட்டத்தில் இரவாளர், மலசர் போன்ற பழங்குடியினர் வாழ்கின்றனர். தெற்கே இடுக்கி மாவட்டத்தில் முதுவர், மன்னான், பளியர் ஆகியோர் உள்ளனர். இம்மக்களின் மருத்துவ அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வருகிறது. புதிய சட்டமோ, நூலில் ஏறிய அறிவையும் நூலில் ஏறாத அறிவையும் இரண்டாகப் பிரிக்கிறது.

ஜீவனி சொல்லும் பாடம்

வாய்மொழி அறிவு மருந்தாக மாறிய கதைக்கு உலகமே எடுத்துக்காட்டும் நிகழ்வு இதே மலைத்தொடரின் தென்கோடியில் நடந்தது. 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான இனத்தாவரவியல் ஆய்வுக்குழு நடைப்பயணம் மேற்கொண்டது. வழிகாட்டிகளாக வந்த காணி இனத்தவர் சிறு பழங்களைத் தின்றபடி சோர்வின்றி நடந்தனர். அவர்கள் கொடுத்த பழத்தைத் தின்ற ஆய்வாளர்களுக்கும் களைப்பு நீங்கியது. அது என்ன பழம் என்று சொல்ல வழிகாட்டிகள் முதலில் தயங்கினர். வற்புறுத்திய பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் அதன் பெயர் டிரைகோபஸ் செய்லானிகஸ்.

பின்னர் திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு தொடர்ந்தது. செடியின் சாறு பிரித்தெடுக்கப்பட்டு, விலங்குகளில் சோதிக்கப்பட்டது. நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் தன்மையும் களைப்பைப் போக்கும் தன்மையும் அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கிய மருந்துக்கு ஜீவனி என்று பெயரிட்டனர்.

1995-இல் அதன் தயாரிப்பு உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. இரண்டிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதென ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. அப்படித் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. பணத்தைப் பெற 1997-இல் காணி மக்களின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999-இல் சுமார் 5 லட்சம் ரூபாய் அதனிடம் சேர்ந்தது. இம்முயற்சிக்காக 2002-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டின்போது புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

எல்லையில் நின்ற பங்கு

விருதுக்குப் பின்னால் வேறொரு பக்கமும் உண்டு. பிலாத்தி எனப்படும் காணி மருத்துவர்கள் சிலர், தங்கள் அறிவை விற்க யாருக்கும் உரிமை இல்லை என்று தொடக்கத்திலேயே எதிர்த்தனர். செடியின் இலையை வணிக அளவில் சேகரித்தால் காட்டில் அது அழியும் என்று வனத்துறை ஆட்சேபித்தது. இதனால் மூலப்பொருள் போதிய அளவில் கிடைக்கவில்லை. மூலப்பொருள் இன்றேல் விற்பனை இல்லை, விற்பனை இன்றேல் உரிமத்தொகையும் இல்லை. இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய முற்பட்டது.

இவை அனைத்திலும் அதிகம் பேசப்படாதது மாநில எல்லை. காணி மக்கள் கேரளத்தில் மட்டும் வாழவில்லை. தமிழகத்தின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வாழ்கின்றனர். காடு ஒன்று, அறிவு ஒன்று. ஆயினும் அறக்கட்டளை கேரளக் காணி மக்களின் பெயரிலேயே அமைந்தது. மலைக்கு இப்புறம் உள்ளோர் அதில் இடம்பெறவில்லை. பாலக்காடு, இடுக்கி எல்லையில் நாளை ஒரு மூலிகை கண்டறியப்பட்டாலும் இதே சிக்கல் எழும். ஆனைமலையின் ஒரு சரிவு பொள்ளாச்சிக்கும் மறு சரிவு பறம்பிக்குளத்துக்கும் இறங்குகிறது. மலசரும் காடரும் இரு மாநிலங்களிலும் வாழ்கின்றனர்.

திருத்தம் என்ன சொல்கிறது?

புதிய திருத்தத்தின்படி, நூல்களில் பதிவான மரபறிவுக்கும் பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் அறிவிப்பு, பங்கீடு ஆகியவற்றிலிருந்து விலக்கு உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களே இதற்கு அளவுகோல். பிழைப்புக்காக வைத்தியம் செய்யும் நாட்டு மருத்துவர்களுக்கும் விலக்கு உண்டு. இதை யாரும் குறை சொல்லவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஜீவனியையே எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு சரக்குகளில் அமுக்கராவும் திப்பிலியும் விஷ்ணுகிராந்தியும் பழைய நூல்களில் உள்ளவை. ஆரோக்கியப்பச்சையின் பயனை ஆய்வுலகம் அறிந்தது காணி மக்களின் வாய்மொழியால். இத்தகைய மருந்து இன்று உருவானால், தயாரிப்பாளர் நூலைக் காட்டி முக்கால் பங்கிலிருந்து விலகலாம் என வாதிட இடமுண்டு. ஒரே மூலிகை நூலிலும் இருந்து, பழங்குடியினரிடம் வேறொரு பயன்பாட்டிலும் இருந்தால், எந்த அறிவு மருந்துக்கு வழிகாட்டியது என்று மெய்ப்பிக்கும் சுமை யாருடையது? எழுத்தில் எதுவும் இல்லாத மக்களால் அதை மெய்ப்பிப்பது எளிதன்று.

தண்டனையும் மாறியுள்ளது. முன்பு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இப்போது 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. தொடர்ந்து மீறினால் 1 கோடி ரூபாய் வரை கூடுதல் அபராதம். 2025-இல் வெளியான விதிமுறைகளின்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளோர் பங்கு தர வேண்டியதில்லை. மற்றவர்கள் அளவுக்கேற்ப 0.2 முதல் 0.6 சதவீதம் வரை தர வேண்டும். காணி மக்களுக்குச் சட்டமின்றியே கிடைத்தது 2 சதவீதத்தில் பாதி, அதாவது 1 சதவீதம் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெரிய நிறுவனங்கள் தாமாக முன்வந்து பங்கு தரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. உத்தரகண்ட் மாநிலப் பல்லுயிர் வாரியம் கேட்ட தொகையை எதிர்த்து திவ்யா பார்மசி வழக்குத் தொடுத்தது. இந்திய நிறுவனங்களுக்கும் பங்கீட்டுக் கடமை உண்டு என 2018 டிசம்பரில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதிவேடே ஆயுதம்

ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தொகுக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்மொழி அறிவுக்குச் சட்டத்தின் முன் உள்ள சான்று இதுதான். ஆனால் ஊராட்சியின் அலமாரியில் உறங்கும் பதிவேடு யாரையும் காக்காது. சொன்னவரின் மொழியில், சொன்ன சமூகத்தின் பெயரோடு, மறைபொருளாக வைக்க விரும்புவதை மறைத்து வைக்கும் உரிமையோடு அது எழுதப்பட வேண்டும். எல்லை தாண்டி வாழும் சமூகங்களுக்கு இரு மாநில வாரியங்களும் சேர்ந்து ஒரே பதிவும் ஒரே நிதியும் ஏற்படுத்த வேண்டும். சென்னையிலேயே தலைமையகம் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையம் இதற்கு முன்கை எடுக்கலாம்.

மரபறிவின் பிறப்பிடத்தைக் காப்புரிமை விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்டபோது, பல்லாண்டுகளாக அதற்கு வாதாடிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. வெளிநாட்டு நிறுவனங்களிடம் நாம் கேட்கும் அதே நியாயத்தை, கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் மலையில் வாழ்பவரும் உள்நாட்டு நிறுவனங்களிடம் கேட்பார். அதற்குத் தில்லி என்ன பதில் வைத்திருக்கிறது?