உஷார்! ஸ்கோர் ஏறிவிட்டது என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், என் பெரியம்மாவின் முதல் ரிப்போர்ட்டில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.8. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து மைனஸ் 1.9. வீடே மகிழ்ந்தது. "இனி எதுக்கு ஊசி?" என்று விட்டுவிட்டார். அடுத்த வருடமே, கீழே விழாமல், தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதிலேயே முதுகில் இரண்டு எலும்புகள் நொறுங்கின.

டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிதல் நோய்) என்பது 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. மருந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டாலும் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டெனோசுமாப் எலும்பு கரைவதைத் தடுத்து வைக்கும், அவ்வளவுதான். ஊசி நின்றால் அடக்கி வைத்த கரைப்பு முன்பைவிட வேகமாகக் கிளம்பும். சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குகின்றன. தவணை ஓரிரு மாதம் தள்ளிப்போவதே ஆபத்து! நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்குப் பதில் எந்த மருந்து என்று டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, அந்த எண்ணே ஏமாற்றும். வயதானவர்களுக்கு முதுகில் தேய்மானத்தால் எலும்பு முள் வளர்ந்திருக்கும். ஏற்கெனவே நசுங்கிய எலும்பும் படத்தில் அடர்த்தியாகத் தெரியும். ஸ்கோர் ஏறும், பலம் ஏறாது. அதனால் முதுகு மட்டும் தேறி இடுப்பெலும்பு அப்படியே இருந்தால் சந்தேகப்படுங்கள். வேறு சென்டரில், வேறு மெஷினில் எடுத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று முடிவு கட்டாதீர்கள்.

ரிப்போர்ட்டில் டி-ஸ்கோருக்குப் பக்கத்திலேயே இசட்-ஸ்கோர் என்று ஒன்று அச்சாகியிருக்கும். அது உங்களை உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. எழுபது வயதில் அது பூஜ்யம் என்றால், மற்ற எழுபது வயதுக்காரர்களின் எலும்பு எப்படியோ உங்களுடையதும் அப்படி. அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கும் சோதனையை நம்பியும் மருந்தை மாற்றாதீர்கள். சிகிச்சை பலிக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சாதாரணமாகத் தடுக்கி விழுந்து இடுப்போ முதுகோ ஒடிந்திருந்தால், ஸ்கோர் மைனஸ் 1.5 என்று வந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான். உயரம் குறைந்திருக்கிறதா, திடீர் முதுகுவலியா? அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று இன்றே ஃபைலை எடுத்துப் பாருங்கள்.