மார்கழியில் ஒலித்த கானா

மார்கழி என்றால் சென்னையில் சபாக்களின் மாதம். அதே மார்கழியில், 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் ஒரு திறந்தவெளி மேடையில் கோட்டு, சூட் அணிந்த இளைஞர்கள் கானா பாடினர். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி அது. கேட்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

திருவள்ளூர் மாவட்டம் கரலப்பாக்கத்தில் பிறந்த இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. குரல் தேர்வுக்குப் பின் 19 பேர் தேர்வாயினர். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. கானா, ராப், ராக், நாட்டுப்புற இசை ஆகியவை ஒன்றுகலந்தன. கிதாரோடு பறையும் சட்டியும் ஒலித்தன. அயோத்திதாசப் பண்டிதர் வலியுறுத்திய 'சாதியற்ற தமிழர்' என்ற அடையாளமே குழுவின் பெயராயிற்று.

கானா வடசென்னை உழைப்பாளர்களின் இசை. சாவு வீட்டில் இரவு முழுவதும் துக்கத்தைச் சுமந்த பாட்டு அது. மேசையும் தகர டப்பாவும்கூட அதற்குத் தாளக் கருவிகள். சினிமா அதைத் தொட்டபோது பெரும்பாலும் கேலிக்கும் குத்தாட்டத்துக்குமே பயன்படுத்தியது. 2012இல் ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வழியாகக் கானா பாலாவின் குரல் பரவலான கவனம் பெற்றது. ஆயினும், இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பற்றிப் பாட சினிமாவில் இடமில்லை. அந்த இடத்தை இக்குழு தானே அமைத்துக்கொண்டது.

இதற்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. 1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஷேன் மெக்கோவனும் நண்பர்களும் ஓர் இசைக்குழு தொடங்கினர். ஐரிஷ் மொழி வசைச்சொல் ஒன்றையே குழுவுக்குப் பெயராக வைத்தனர். பொருள் தெரிந்ததும் எதிர்ப்பு எழ, பெயர் 'தி போக்ஸ்' எனச் சுருங்கியது. முதல் இசைத்தொகுப்பு 1984இல் வெளிவந்தது. மதுக்கூடங்களில் முதியவர்கள் பாடிய ஐரிஷ் பாடல்களை அவர்கள் பங்க் இசையின் வேகத்தில் பாடினர். குண்டுவெடிப்புகளின் காரணமாக ஐரிஷ் என்றாலே ஐயத்தோடு பார்க்கப்பட்ட லண்டனில், புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் தங்கள் அடையாளத்தை ஒளிக்காமல் உரக்கப் பாடியது சிறிய செயலன்று.

இரு குழுக்களையும் இணைப்பது மரியாதையின்மை அன்று. மரியாதை யாருக்கு உரியது என்ற கேள்வி. தாழ்வாகக் கருதப்பட்டவர்கள் பணிவாகக் கேட்டால் அது கோரிக்கையாகிறது. கேலியாகக் கேட்டால் விவாதமாகிறது. விவாதத்துக்கு விலையும் உண்டு. சபரிமலையில் பெண்கள் நுழைவு குறித்து இசைவாணி பாடிய பாடல், பல ஆண்டுகள் கழித்து 2024 இறுதியில் புகார்களுக்கும் மிரட்டல்களுக்கும் இலக்கானது. பாடல் பலரின் நம்பிக்கையைத் தொடும்போது மறுப்பு எழுவது இயல்பு. மறுப்பைக் கருத்தால் சொல்லலாம். பாடியவரை அச்சுறுத்துவது பதிலாகாது.

2020 டிசம்பரில் நீலம் அமைப்பு 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை கிடைத்தது. எனினும், ஒரு மாதம் போதாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலிருந்து பணி முடிந்து புறநகர் ரயிலில் திரும்பும் இளைஞனுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு இருக்கக்கூடும். அவனுடைய ஊரிலேயே அதற்கு ஒரு மேடை அமையும்போதுதான் கீழ்ப்பாக்கத்தில் தொடங்கியது நிறைவுபெறும்.